ஓட்டைக்கு ஒரு எண்

ஒரு பொருளை உள்ளது உள்ளபடி வரைந்துவிட்டால், அதைப் பற்றிய உண்மையைச் சொல்லிவிட்டதாக ஆகிவிடுமா? அரை ஸ்கேல் அக்காவை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கேள்விதான் முதலில் வருகிறது. அவரிடமே கேட்டிருந்தால், "முதல்ல அளவு சரியா இருக்கான்னு பாருங்க தம்பி, உண்மையை அப்புறம் பாக்கலாம்" என்றிருப்பார்.

காப்புரிமை கேட்டு விண்ணப்பிக்கிறவர்களுக்கு வேண்டிய எழுத்து வேலையும் பட வேலையும் செய்து கொடுக்கும் அலுவலகம் எங்களுடையது. மருந்துக்கடைக்கு மேல் மாடியில் மூன்று அறைகள். எழுத்து என் பொறுப்பு, படம் அக்காவின் பொறுப்பு, கையெழுத்து முதலாளியின் பொறுப்பு.

படத்துக்கு விதிகள் உண்டு. கறுப்புக் கோடு மட்டும்தான், நிறம் கூடாது. ஒவ்வொரு உறுப்பிலிருந்தும் மெல்லிய கோடு இழுத்து அதன் நுனியில் எண் போட வேண்டும். 10, 12, 14 என்று இரட்டைப்படையில் போடுவது அக்காவின் வழக்கம். ஏதாவது விட்டுப்போனால் நடுவில் செருக இடம் இருக்கும். பொருளைப் பிடித்திருக்கும் கையை வரைவதில்லை. இருபத்தொரு வருடங்களில் குடை மடக்கும் பொறியையும், பல் மருத்துவரின் நாற்காலியையும், கோழிக்குத் தீவனம் கொட்டும் குழாயையும் அவர் வரைந்திருக்கிறார். ஒன்றில்கூடக் கை கிடையாது. அழகாக வரைவார் என்று சொல்ல மாட்டேன். சரியாக வரைவார்.

கணினியில்தான் வரைந்தார் என்றாலும், மாதிரிப் பொருளை அளக்க ஒரு எஃகு ஸ்கேல் வைத்திருந்தார். அது இருபத்திரண்டு சென்டிமீட்டரோடு நின்றுவிடும். அதற்குமேல் நீளமான பொருள் வந்தால் இரண்டு தடவை அளப்பார். மீதியை அவருடைய கணவர் வெட்டி எடுத்துவிட்டார். அரை ஸ்கேல் என்று பெயர் வந்தது அப்படித்தான்.

கணவர் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் மெக்கானிக். அங்கே பெட்டி மடிக்கும் இயந்திரத்துக்குள் அட்டைத் தாள்கள் ஒவ்வொன்றாகப் போக வேண்டும். ஈரக்காற்று அடிக்கும் நாட்களில் இரண்டு தாள்கள் ஒட்டிக்கொண்டு சேர்ந்தே உள்ளே போய் மாட்டிக்கொள்ளும். மொத்த வரிசையும் நின்றுவிடும். வெளியிலிருந்து வந்த பொறியாளர்கள் சென்சார், கேமரா என்று ஏதேதோ சொல்லிவிட்டுப் போனார்கள். இவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மனைவியின் முப்பது சென்டிமீட்டர் ஸ்கேலின் கடைசித் துண்டை வெட்டி, நுனியை வளைத்து, பழைய பூட்டிலிருந்து கழற்றிய ஸ்பிரிங்கை அதற்குப் பின்னால் வைத்தார். மேல்தாளை உள்ளே விட்டு, அடித்தாளை அது பின்னுக்குத் தள்ளியது. தொழிலாளர்கள் அதற்கு நாக்கு என்று பெயர் வைத்தார்கள்.

"ஏங்க, வீட்ல வேற இரும்பே கிடைக்கலையா?" என்று அக்கா சண்டை பிடித்தாராம்.

"வளையற இரும்பு இது ஒண்ணுதாம்மா இருந்துச்சு. நீயும் வளைய மாட்டே, நானும் வளைய மாட்டேன்."

இதைச் சொல்லும்போது அக்கா சிரித்தார். வேறு எதற்கும் அவ்வளவு சிரித்து நான் பார்த்ததில்லை.

அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் இருந்தது. ஓர் இடத்தில் ஒரு மெக்கானிக் ஏதாவது கண்டுபிடித்தால், மற்ற பட்டறைகளில் இருப்பவர்களுக்குச் சொல்லிவிடுவார். இவரும் பழைய ரம்பத் தகடுகளில் ஐந்தாறு நாக்குகள் வெட்டிச் சின்னப் பட்டறைகளுக்குக் கொடுத்தார். முதலில் வாங்கிக்கொண்டவர் சோடாபுட்டி. தடிமனான கண்ணாடி போட்டுக்கொண்டு, மூன்று ஆட்களோடு சொந்தப் பட்டறை நடத்திய பழைய கூட்டாளி. "ரகசியம்னு ஒண்ணை வெச்சுக்கிட்டா, நாளைக்கு நம்ம மெஷின் நின்னா யாரு ஃபோனை எடுப்பாங்க?" என்பது கணவரின் வாதம். தொழிற்சாலைக்குத் தெரிந்தால் வேலை போகும் என்பது வேறு விஷயம்.

அக்கா இதற்கு நேர் எதிரான வியாபாரத்தில் இருந்தார். பேடண்ட் என்றால் என்ன என்று தேநீர் கொண்டுவருகிறவர் ஒருமுறை கேட்டதற்கு, "வேலிங்க. மாடு யாருதுன்னு அது கேக்காது. வேலியை யாரு முதல்ல போட்டாங்கன்னு மட்டும்தான் கேக்கும்" என்றார். தேநீர்க்காரர் யோசித்துவிட்டு, "எங்க டீக்கு ஒண்ணு போட முடியுமா?" என்றார். "குடிச்சவங்க யாரும் உங்களைக் காப்பியடிக்க மாட்டாங்க, பயப்படாதீங்க."

நாக்கு பொருத்தப்பட்டு ஒன்றரை வருடம் கழித்து, அந்தத் தொழிற்சாலையின் உறை எங்கள் அலுவலகத்துக்கு வந்தது. உள்ளே சாம்பல் நிறப் பெயின்ட் அடித்த ஒரு சின்னத் தகடு. கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் மேலாளரின் பெயர். பொருளின் பெயர், 'தாள் பிரிக்கும் அமைப்பு'.

அக்கா தகட்டை உறையிலிருந்து எடுத்தபோது நான் எதிர் மேஜையில் இருந்தேன். அதன் ஒரு முனையில் வட்டமாக ஓர் ஓட்டை. அவர் அதை வெகுநேரம் பார்த்தார். பிறகு தகட்டின் ஓரத்தைக் கட்டைவிரல் நகத்தால் மெதுவாக வருடினார். நகம் சீரான இடைவெளியில் தடுக்கியது. பெயின்ட்டுக்கு அடியில் மில்லிமீட்டர் கோடுகள். தன் ஸ்கேலை எடுத்து அதன் வெட்டு முனையைத் தகட்டின் வெட்டு முனையோடு சேர்த்து வைத்தார். இரண்டும் பொருந்தின.

ஸ்கேலை ஆணியில் மாட்டுவதற்காகக் கடைசியில் ஓர் ஓட்டை இருக்குமே, அந்த ஓட்டைதான் அது. நாக்கின் வேலைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

"தம்பி, இந்த ஓட்டை எதுக்குன்னு எழுதியிருக்கீங்க?"

நான் முதல் நாளே அதைப் பார்த்து விவரக்குறிப்பின் முதல் வரைவை முடித்திருந்தேன். மேலாளரிடம் ஃபோனில் கேட்டதற்கு, 'ஏதாவது காரணம் இருக்கும், பொருத்தமா எழுதுங்க' என்று சொல்லியிருந்தார். "காத்து வெளிய போறதுக்குன்னு எழுதினேன்க்கா."

"காத்தா?" என்றார். எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார்.

எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். இங்கே பார்த்ததை வெளியில், வீட்டிலும்கூட, சொல்லக்கூடாது. அக்கா அன்று மாலை முதலாளியிடம் சுற்றிவளைத்துக் கேட்டார்.

"சார், கண்டுபிடிச்சவரு இவர்தான்னு நாம விசாரிக்கிறது உண்டா?"

"நாம கல்யாணத்துக்கு போட்டோ எடுக்கறவங்கம்மா. பொண்ணுக்குச் சம்மதமான்னு போட்டோகிராபர் கேக்க முடியுமா?"

வீட்டில் நடந்ததைப் பிறகு துண்டு துண்டாக எனக்குச் சொன்னார். மேலாளர் நாக்கைக் கழற்றி எடுத்துப் போனது கணவருக்குத் தெரியும். வேறொன்று செய்து மாட்டிவிட்டார். "மேலிடத்துக்குக் காட்டணும்னு கேட்டாரு. தோள்ல கை போட்டுப் பேசினாரும்மா" என்று ஏதோ பதக்கம் வாங்கியது போலச் சொன்னாராம். அக்கா துணி மடித்துக்கொண்டே, பட்டும் படாமலும் கேட்டிருக்கிறார்.

"அந்த நாக்கு உங்க பேர்ல பதிவாயிருந்தா என்ன பண்ணுவீங்க?"

"என் பேர்லயா? முதல்ல சோடாபுட்டிகிட்டப் போய் வாடகை கேப்பேன்." சிரித்தார். பிறகு சிரிப்பு நின்று, "பேரு வருமா என்ன?" என்று கேட்டார். அக்கா ஒரே சட்டையைத் திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தார். கணவர் அந்தச் சட்டையை அவர் கையிலிருந்து வாங்கி, தானே மடித்து வைத்தார்.

பேரு வருமா என்ற அந்தக் கேள்விதான் தன்னைத் தூங்கவிடவில்லை என்றார் அக்கா. தன் பெயர் எங்கேயாவது எழுதப்பட வேண்டும் என்று கணவருக்கு ஆசை இருக்கும் என்றே அதுவரை அவருக்குத் தோன்றியதில்லையாம்.

வெள்ளிக்கிழமை மேலாளர் கையெழுத்துப் போட வந்தார். முதலாளிக்கு அன்று ஒரு கவலை. தேடிப் பார்த்ததில் தாளைத் தடுக்கும் ஸ்பிரிங் தகடுகள் ஏற்கெனவே ஏழெட்டுப் பதிவாகியிருந்தன. இதில் எது புதிது என்று சொல்ல அவருக்கு வழி தெரியவில்லை.

அக்கா படத்தாள்களோடு உள்ளே வந்தார். வலது கையில் தாள்கள், இடது கையில் பாதி ஸ்கேல். மேஜைமேல் சாம்பல் தகடு கிடந்தது. ஸ்கேலை அதன் பக்கத்தில் வைத்தால் போதும். யாரும் ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. அவர் வைப்பார் என்று நான் காத்திருந்தேன். வைத்தால் அவருடைய வேலை போகும், கணவருடையதும் போகலாம். அது தெரிந்தும், வைக்கட்டும் என்றுதான் மனதில் இருந்தது. அதற்கான விலையை நான் கொடுக்க வேண்டியதில்லை அல்லவா?

"சார், ஒரு சந்தேகம். இந்த ஓட்டை இல்லாம இது வேலை செய்யுமா?" என்று மேலாளரைக் கேட்டார்.

மேலாளர் தகட்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். ஓட்டை வழியாக ஜன்னலைப் பார்த்தார். தெரியாது என்று சொல்லிப் பழகாத மனிதர்.

"ஓட்டை இல்லாமயா? விஷயமே அதுதாம்மா."

"அப்ப அதுக்கும் நம்பர் போட்டுடறேன் சார்."

முதலாளியின் முகம் மலர்ந்தது. ஏழெட்டுப் பழைய தகடுகளில் எதிலும் ஓட்டை கிடையாது. "முதல் க்ளெய்ம்லயே சேத்துடுங்க" என்று என்னிடம் சொன்னார். அக்கா ஸ்கேலோடு தன் மேஜைக்குத் திரும்பினார். படத்தில் ஓட்டைக்குப் பதினெட்டு என்று எண் விழுந்தது. முதல் கோரிக்கையில், அதாவது எதெல்லாம் தங்களுடையது என்று உரிமை கோரும் பத்தியில், ஸ்பிரிங், தகடு, வளைவு, ஓட்டை என்று நான்கையும் நான் எழுதினேன்.

காப்புரிமை கிடைத்தது. அடுத்த வருடம் தொழிற்சாலை, இந்த அமைப்பை வேறு யாரும் பயன்படுத்தக்கூடாது என்று சின்னப் பட்டறைகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. சோடாபுட்டி அதை எடுத்துக்கொண்டு கணவரிடம் ஓடிவந்தார். கணவர் மனைவியிடம் நீட்டினார்.

"உங்க ஆபீஸ் சமாச்சாரம் மாதிரி இருக்கு. என்னன்னு பாரு."

நோட்டீஸோடு படமும் இருந்தது. நீட்டிய கையைப் பாதியில் நிறுத்தி அவரே அதைப் பார்த்தார்.

"இது என் நாக்கு."

அவர் விரல் படத்தின் கோடுகள்மேல் நகர்ந்தது.

"நீதான் வரைஞ்சியா?"

"ஆமா."

"ஓட்டையைக்கூட விடல." தாளைத் திருப்பிப் பார்த்து, "என் பேரு எங்கயாவது இருக்கா?"

"இல்ல."

சோடாபுட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அதை அப்புறம் பேசிக்கங்க. தங்கச்சி, என் பட்டறையை மூடணுமா, வேண்டாமா? அதைச் சொல்லும்மா" என்றார்.

அக்கா விளக்கினார். முதல் கோரிக்கையில் எழுதியிருக்கும் எல்லாமே ஒருவரின் தகட்டில் இருந்தால்தான் அவர் வேலிக்குள் நுழைந்தவர். ஒன்று இல்லையென்றாலும் அவரைத் தொட முடியாது. ரம்பத் தகட்டில் வெட்டிய நாக்கில் ஓட்டை கிடையாது.

"அப்ப அவங்க வேலி போட்டு வெச்சிருக்கறது வெறும் ஓட்டைக்கா?" என்று சோடாபுட்டி விழுந்து விழுந்து சிரித்தார். கணவரும் சிரித்தார். சோடாபுட்டி போன பிறகு கணவர் மூன்று வாரம் மனைவியோடு சரியாகப் பேசவில்லை. சாப்பாடு வேண்டுமா, சாவி எங்கே, அவ்வளவுதான். மேலாளரின் அறையில் காப்புரிமைச் சான்றிதழ் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. மின்விசிறி பழுது பார்க்கப் போனபோது ஏணிமேல் நின்று அதை முழுவதும் படித்ததாக ஒருநாள் சொன்னார்.

ஓட்டையைக் கோரிக்கையில் நுழைத்தது திட்டமிட்டா என்று அக்காவிடம் கேட்டேன். "மேலாளர் சொன்னதைத்தான தம்பி வரைஞ்சேன்" என்றார். பட்டறைகள் பிழைத்தன என்பது உண்மை. கணவரின் பெயர் தொலைந்தது என்பதும் உண்மை. ஒன்றுக்காக மற்றொன்றை அவர் விட்டுக்கொடுத்தாரா, அல்லது பயந்தாரா, எனக்குத் தெரியாது. அவரைப் பெரிய மனுஷி ஆக்கிவிட எனக்கு விருப்பமில்லை. காற்று வெளியேறுகிறது என்று எழுதிய என்னைச் சின்னவனாக்க அது தேவையும் இல்லை.

உண்மையான கண்டுபிடிப்பாளரின் பெயரைப் பிறகும் சேர்க்க வழி உண்டு. சில வருடங்கள் கழித்து அதற்கான படிவத்தை நான் அக்காவிடம் கொடுத்தேன். ஸ்கேலையும் தகட்டையும் பொருத்திக் காட்டினால் மறுக்க முடியாது, கணவர் ஓய்வு பெற்றுவிட்டார், இனி யாருடைய வேலைக்கும் ஆபத்தில்லை, தேவைப்பட்டால் நானே சாட்சி சொல்கிறேன் என்றேன். படிவத்தை வாங்கிக்கொண்டு, "பாக்கறேன்" என்றார்.

அடுத்த மார்ச்சில் அவரும் ஓய்வு பெற்றார். அவருடைய இழுப்பறையைக் காலி செய்தது நான்தான். ஸ்கேலை எடுத்துக்கொண்டு போயிருந்தார். படிவம் உள்ளே இருந்தது. காப்புரிமை எண், நாள், பொருளின் பெயர், எல்லாம் அவருடைய சீரான எழுத்தில் பூர்த்தியாகியிருந்தன. கண்டுபிடித்தவர் என்ற இடத்துக்கு நேராக மெல்லிய கோடு ஒன்றை, படத்தில் உறுப்பிலிருந்து எண்ணுக்கு இழுப்பது போல, அளவாக இழுத்திருந்தார். அதன் நுனியில் எதுவும் எழுதவில்லை.