மாமா சாப்பிட்ட மெக்சிகோ ரொட்டி

அம்மா கோபித்துக்கொண்டு புத்தூரில் இருந்த தன் அண்ணன் வீட்டுக்குப் போனபோது எனக்குப் பதினோரு வயது. சபைப் போதகர் விருந்துக்கு வந்திருந்த அன்று, குழம்பை வாயில் வைத்த நைனா, "இவளுக்கு இன்னும் உப்பு கைக்கு வரல" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். மறுநாள் காலை அம்மா பையோடு வாசலில் நின்று, "நான் இல்லாம துன்னு பாருங்க, அப்பத் தெரியும்" என்றாள். அப்படிப் போன பெண் தானாகத் திரும்பக்கூடாது, புருஷன்தான் போய் அழைத்துவர வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். நைனாவுக்கோ வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது. மூன்றே நாளில் வந்து நிற்பார் என்று அம்மா நம்பிப் போனாள்.

நாலு நாள் ஓட்டல் இட்லி. தம்பிக்கு வயிறு கெட்டது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாசலுக்கு ஓடுவேன், சமையலறைக்கு ஓடுவேன், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்புவேன்.

மூலையில் ஒரு டின் நிறைய மஞ்சள் சோளமாவு இருந்தது. நாங்கள் இருந்த சித்தூர் மிஷன் காம்பவுண்டில் அப்போதெல்லாம் அதை வீட்டுக்கு வீடு இலவசமாகக் கொடுப்பார்கள். நாங்கள் கோழிக்குத்தான் போட்டோம். அங்கிருந்த அமெரிக்கத் துரைசானி அம்மா மெக்சிகோ எல்லையில் வளர்ந்தவராம். அந்த மாவை வீணாக்காதீர்கள் என்று ஞாயிறு பள்ளிப் பெண்களுக்கு ஒரு ரொட்டி செய்து காட்டியிருந்தார். வெந்நீரில் பிசைந்து, மெல்லிசாகத் தட்டி, தோசைக்கல்லில் வாட்டி, நடுவில் காரமான பயறு மசியலை வைத்து மடிக்க வேண்டும். அவ்வளவுதான் சமையல்.

நான் காராமணியை வேகவைத்து, சீரகமும் வரமிளகாயும் தாளித்து மசித்தேன். மேலே பச்சை வெங்காயம், தக்காளி, கொத்துமல்லி, எலுமிச்சம்பழச் சாறு. முதல் நாள் ரொட்டி பிய்ந்தது. இரண்டாம் நாள் வாழையிலையில் வைத்துத் தட்டினேன், வந்துவிட்டது. மூன்றாம் நாள் முட்டை வைத்து மடித்தேன். தம்பி தட்டை வழித்து நக்கினான். நைனா இன்னொன்று கேட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

சனிக்கிழமை நைனா சட்டையை இஸ்திரிக்குக் கொடுத்து வாங்கினார். மறுநாள் ஆராதனைக்குப் பிறகு புத்தூருக்கு எத்தனை மணிக்கு பஸ் இருக்கிறது என்று அன்றைக்கே பக்கத்து வீட்டில் விசாரித்து வைத்தார். அன்று சாயங்காலமே மாமா வந்து இறங்கினார். சும்மா இந்தப் பக்கம் வந்தேன் என்றார். அம்மா இல்லாத வீடு பட்டினி கிடக்கிறது என்று அவர் போய்ச் சொன்னால் எங்கள் மானம் என்னாவது? வழக்கத்தைவிட இரண்டு மடங்கு மாவு பிசைந்தேன். மாமா நாலு ரொட்டி சாப்பிட்டார்.

"பாத்தீங்களா மச்சான், என் பொண்ணு கைய" என்றார் நைனா.

மாமா என்னைப் பார்த்து, "அப்ப கஷ்டம் ஒண்ணுமில்லியா கண்ணு?" என்றார்.

"ஒண்ணுமே இல்ல மாமா. நல்லாத் துன்னுகினு இருக்கறோம். அம்மாவ கவலப்படாம இருக்கச் சொல்லுங்க."

இதைக் கேட்டால் அம்மா சந்தோஷத்தில் அடுத்த பஸ்ஸிலேயே ஓடிவருவாள் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை இஸ்திரிச் சட்டை ஆணியிலேயே தொங்கியது. "பாக்கலாம், என்னா அவசரம்" என்றார் நைனா. புத்தூர் பஸ் வரும் நேரமெல்லாம் ரோட்டுக்கு ஓடினேன். அம்மா வரவில்லை. என் சமையல் இன்னும் போதவில்லை போல என்று, தினமும் முன்னைவிட நன்றாகச் செய்தேன்.

கிறிஸ்துமஸும் போயிற்று. அதற்குப் பிறகு போதகரே நைனாவைக் கூட்டிக்கொண்டு போய் அம்மாவை அழைத்துவந்தார். அன்று ராத்திரி அம்மாவை உட்காரவைத்து ரொட்டி போட்டேன். அவள் ஒரு வாய் மென்றாள்.

"மாமா வந்தன்னிக்கும் இதத்தான் பண்ணியா?"

"ஆமாம்மா. நாலு துன்னாரு."

அம்மா மீதியைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்து வந்து, என் கையிலிருந்த தோசைத்திருப்பியைப் பிடுங்கினாள். "இனிமே நீ அடுப்பாண்ட வராத" என்றாள். அதன் பிறகு என்னைச் சமைக்கவே விடவில்லை. என் கைப்பக்குவத்தின் மேல் அம்மாவுக்குப் பொறாமை என்று, எனக்குக் கல்யாணமாகும்வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.