மழைக்கு முன் எழுதிய பெயர்ப்பட்டியல்

போன கிழமை மகளின் பள்ளிக்கூடத் தேவைக்கு மன்னார் ரவுனில் ஒரு மார்க்கர் பேனை வாங்கினேன். எழுதுகிறதா என்று பார்க்க மூடியைத் திறந்தால், அந்த மணம். உங்களுக்கு அது வெறும் பேனை மணம். எனக்கு அது மூன்று நாள் பயிற்சிப்பட்டறை, மீன் ரோல்ஸ், பால்தேத்தண்ணி, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கதிரையிலேயே வரும் நித்திரை.

சண்டை முடிந்து சனம் ஊர் திரும்பிய காலத்தில் ஒரு தொண்டு நிறுவனத்தில் எனக்கு முதல் வேலை கிடைத்தது. பதவியின் பெயர் சமூக அணிதிரட்டுநர். எங்கள் ஊர் பாப்பாமோட்டையில் அப்பாவுக்கு அதை விளங்கப்படுத்தவே ஒரு பின்னேரம் போய்விட்டது. "சனத்தைச் சேர்க்கிற வேலையோ? ஏன், சனம் தானாச் சேராதோ?" என்று கேட்டுவிட்டு வயலுக்குப் போய்விட்டார். நெல்லைத் தவிர வேறெதையும் காயவைத்துப் பார்த்திராத என்னை, தாழ்வுபாட்டுக் கடற்கரையில் கருவாடு போடும் பெண்களை அணிதிரட்ட அனுப்பினார்கள்.

போய்ப் பார்த்தால் அவர்கள் ஏற்கெனவே திரண்டுதான் இருந்தார்கள். பிலோமினாக்கா தலைவி. புருசனைக் கடலில் பறிகொடுத்தவர். சங்கத்துக்குப் பதிவு கிடையாது, கூட்டம் கிடையாது. மழை இருட்டினால் அக்கா "மழையெடி!" என்று கரையின் மறு தொங்கல் வரை கேட்கக் கத்துவார். கரையில் நிற்கிற அத்தனை பெண்களும் ஓடிவந்து, ஆருடைய பாய் என்று பாராமல், கிட்ட இருக்கிற கருவாட்டை அள்ளி வீடுகளுக்குள் போடுவார்கள். பிறகு ஆறுதலாக இருந்து பிரித்துக்கொள்வார்கள். அரைகுறையாய்க் காய்ந்த மீன் நனைந்தால் புழு வைத்துவிடும், அவ்வளவு பாடும் வீண். ஒருநாள் நானும் ஓடி இரண்டு கையாலும் அள்ளினேன். அன்று பாப்பாமோட்டை வரைக்கும் பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் ஒருவரும் இருக்கவில்லை.

"உங்களுக்கு என்ன உதவி வேணும்?" என்று முறைப்படி கேட்டேன்.

"ஒரு கூரை, பிள்ளை. நாலு தூணும் மேல தகரமும். வேற ஒண்டும் வேண்டாம்," என்றார் பிலோமினாக்கா.

எங்கள் நிறுவனத்தின் கொழும்புக் கந்தோரில் இருந்து பதில் வந்தது. கூரை என்பது கட்டுமானம், கட்டுமானம் இந்தத் திட்டத்தில் இல்லை. தலைமைத்துவப் பயிற்சி உண்டு, அதோடு தொப்பியும் உண்டு. பயனாளிகள் இருபத்தைந்து பேரைத் தெரிவுசெய்து அனுப்பவும்.

கரையில் நாற்பது பேர் இருந்தார்கள். கந்தோர் தந்த படிவத்தை வைத்துக்கொண்டு நான் புள்ளி போட்டேன். விதவையா, வீட்டில் நோயாளி உண்டா, எத்தனை பிள்ளைகள். அவர்களில் ஒருத்தி ஜெசிந்தா, அவளுக்குப் புருசன் உயிரோடு இருந்தபடியால் புள்ளி காணாது. பட்டியலைப் பார்த்துவிட்டு அவள் என்னிடம் வந்தாள். "என்ர மனுசன் சாகவேணுமோ மிஸ், நான் இதுக்குள்ள வாறதுக்கு?" நான் படிவத்தைக் காட்டினேன். அந்த வயதில் படிவத்தில் எனக்கு அப்படியொரு நம்பிக்கை.

பயிற்சிக்குக் கொழும்பில் இருந்து பயிற்றுநர் சேர் ஒருவர் வந்தார். பெரிய வெள்ளைத்தாளில் ஒரு மரம் கீறி, அதற்குப் பிரச்சினை மரம் என்று பெயர் வைத்தார். கருவாடு நனைவது கிளை. வேர் என்ன?

"மழை," என்றார்கள் எல்லாரும்.

"அது மேலோட்டமான காரணம். மழைக்குக் காரணம்?"

"முகில்."

"இன்னும் ஆழமாக யோசியுங்கள். முகிலுக்கு?"

பிலோமினாக்கா எழும்பினார். "முகிலுக்குக் கடல், சேர். கடலுக்கு ஆண்டவர். அவரை அடுத்த பயிற்சிக்குக் கூப்பிடுங்கோ, கேப்பம்."

சேர் அதையும் எழுதிக்கொண்டார்.

இரண்டு மாதம் கழித்து, நிதி தந்த வெள்ளைக்காரர்கள் பார்வையிட வந்தார்கள். மூன்று வாகனம், மேடையில் கட்ட ஒரு நீளமான பிளாஸ்டிக் பனர், இருபத்தைந்து தொப்பி. வரவேற்புரை நடந்துகொண்டிருக்கும்போதே வானம் இருட்டியது. பிலோமினாக்கா கத்தினார். தொப்பி போட்டவர்கள் ஓடினார்கள், அதுவும் முதலில் தங்கள் தங்கள் பாய்க்கு. மற்றப் பதினைந்து பேரும் பூவரசுக்குக் கீழே அசையாமல் நின்றார்கள். நான் ஓடிப்போய்க் கெஞ்சினேன்.

"தொப்பி போட்டவை அள்ளட்டும்," என்றாள் ஜெசிந்தா.

அவளுடைய பாயும் வெளியில்தான் கிடந்தது. மழை விழத் தொடங்கியது. பிலோமினாக்கா மேடையில் ஏறி, பனரை ஒரே இழுவையில் அறுத்து எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். தன் பாயைத் தாண்டிப்போய் ஜெசிந்தாவின் பாய்க்கு மேலே அதை விரித்தார். காற்று ஒரு பக்கத்தைத் தூக்கியது. ஜெசிந்தா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வந்து மற்ற மூலையைப் பிடித்தாள். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அக்காவின் மீன் அவ்வளவும் நனைந்தது.

வெள்ளைக்காரர்கள் படம் எடுத்துத் தள்ளினார்கள். அந்தப் படம்தான் அறிக்கையின் முன்னட்டையில் வந்தது. கீழே 'திட்டம் வளர்த்த சமூக ஒற்றுமை' என்று எழுதினது ஆர் என்று கேட்காதீர்கள். கேட்டால் சொல்லத்தான் வேண்டும். நான்தான். கந்தோரில் பாராட்டினார்கள்.

அடுத்த கிழமை பிலோமினாக்கா ஒரு கடிதம் தந்துவிட்டார். "பயிற்சி போதும். பனர் நல்ல தடிப்பு. இன்னும் ஆறு தாங்கோ." அதற்கும் திட்டத்தில் இடம் இருக்கவில்லை.

சங்கத்தைப் பதிவுசெய்து கொடுத்ததோடு திட்டம் முடிந்தது, வாகனங்கள் போயின, என் பதவியும் போனது. பிலோமினாக்கா இப்போது கீரி என்கிற ஊரில் மகளோடு இருக்கிறார். காது கேட்பதில்லை.

மார்க்கர் வாங்கிய கையோடு, கருவாடும் வாங்குவோமே என்று தாழ்வுபாட்டுக்குப் போனேன். ஜெசிந்தாவின் மகன் கட்டாரில் இருந்து உழைத்து அனுப்பியதில் வீட்டு வளவுக்குள் தகரக் கூரை போட்டிருக்கிறாள். அப்படி இப்போது வளவுக்கு ஒன்று. மீன் வீணாவது குறைவு. அதை ஒளிக்காமல் சொல்லவேண்டும்.

"சங்கம் இருக்கோ?" என்று கேட்டேன்.

"இருக்கு மிஸ். வருசா வருசம் பதிவைப் புதுப்பிக்கிறம். கூடுறதுதான் இல்லை."

தூறல் விழுந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் ஒருத்தி தனியாக நின்று தன் பாய்களைக் கூரைக்குள் இழுத்துக்கொண்டிருந்தாள்.

"ஆர் அது?"

ஜெசிந்தா வேலியை எட்டிப் பார்த்தாள். "தெரியேல்லை மிஸ். வந்து ரெண்டு வருசம் இருக்கும்."