நான்கு ஊசித் துளைகள்

அந்த உலர்தாவரக் காப்பகத்தில் எல்லாரும் அவளை ஊசியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். காய்ந்த செடிகளைக் கனத்த தாளில் ஒட்டுவது அவள் வேலை. இலையையும் பூவையும் பசை தாங்கும். கட்டைபோல் தடித்த காயைத் தாங்காது. அதை நூலால் தைத்துத் தாளின் முதுகில் முடிச்சுப் போட வேண்டும். இருபத்துநான்கு வருடமாகத் தைக்கிறாள். இன்னமும் ஒப்பந்த ஊழியர்தான். வருடம் ஒருமுறை கண்காணிப்பாளர் கையெழுத்துப் போட்டால் அடுத்த வருடம் வேலை உண்டு.

தாளின் ஓரத்தில் திருத்தச் சீட்டு என்று ஒன்று இருக்கும். செடியை யாராவது தவறாக அடையாளம் கண்டிருந்தால், சரியானதை எழுதிக் கையெழுத்திடும் சீட்டு. ஒட்டுவது ஊசியக்கா, கையெழுத்து பட்டம் வாங்கியவர்களுடையது. அப்படி விதி எதுவும் இல்லை, வழக்கம். அநியாயம் ஒளிந்துகொள்ள அதைவிட வசதியான இடம் கிடையாது.

அந்த வருடம் அவரைக் குடும்பத்துச் செடித் தாள்களை அலமாரி மாற்றினார்கள். இருபதாயிரம் இனம் வரும் பெரிய குடும்பம். பூவின் முகத்தைப் பார்த்து அதை மூன்று வீடாகப் பிரித்து வைத்திருந்தார்கள்: பட்டாணி போன்றவை ஒரு வீடு, கொன்றை வகை ஒரு வீடு, பஞ்சுருண்டைப் பூப் பூக்கும் தொட்டாற்சிணுங்கி வகை ஒரு வீடு. மரபணுவைப் படித்தபோது முகராசி பொய்த்தது. தொட்டாற்சிணுங்கிக் கூட்டம் கொன்றை வீட்டுக்குள்ளேயே கிளைத்த பிள்ளை என்று தெரிந்தது. கொன்றை வீட்டிலிருந்த சில கிளைகள் தனிக்குடித்தனம் போயின. மூன்று வீடு ஆறானது. செடிக்கெல்லாம் இவ்வளவு நியாயமாக விசாரணை நடத்தியவர்கள், மனிதரை மட்டும் பட்டத்தை வைத்தே பிரித்து வைத்திருந்தார்கள்.

அங்கே வேலை பார்த்த இளம் ஆய்வாளருக்கு அந்தத் தாள்களில் ஒரு புதையல் கிடைத்திருந்தது. கொன்றைபோல் மஞ்சள் பூ. கூடவே, தொட்டாற்சிணுங்கிக் கூட்டத்து மரமொன்றில் காய்ப்பதுபோல், காது வடிவில் சுருண்ட காய். இரண்டு வீட்டு அடையாளமும் ஒரே உடம்பில்! புது மரம் என்று பெயர்கூட வைத்துவிட்டாள். கட்டுரை திங்கட்கிழமை ஆய்விதழுக்குப் போகவேண்டும்.

வெள்ளிக்கிழமை மதியம் ஊசியக்கா புது அலமாரியில் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். இத்தனை காலம் வேறு வேறு அறையில் கிடந்த தாள்கள் இப்போது அடுத்தடுத்து வந்தன. புதையல் தாளுக்கு அடுத்ததில் பஞ்சுருண்டைப் பூ இருந்தது, காய் இல்லை. காய் இருந்த இடத்தில் காது வடிவில் பழுப்புக் கறையும், நான்கு ஊசித் துளையும். இரண்டு தாளின் முதுகிலும் ‘பழுது பார்த்தது’ என்று ஒரே தேதி, பென்சிலில், அவள் கையெழுத்தில். பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் நூலறுந்து விழுந்த காயை, அன்று பழுது பார்க்க மேஜையில் பக்கத்தில் கிடந்த தாளில் தவறாகத் தைத்திருக்கிறாள்.

அடுத்த வாரம் ஒப்பந்தம் கையெழுத்தாக வேண்டும்.

வீட்டில் பட்டாணி உரித்தபடியே கணவரிடம் சொன்னாள். அவர் பேருந்து ஓட்டுநர்.

“வாயை மூடிக்கிட்டிருந்தா என்ன ஆகும்?”

“இல்லாத மரத்துக்குப் பேர் வெச்சிடுவாங்க.”

“வெக்கட்டுமே. இல்லாத ஊருக்குப் போகாத வழிதானே. நமக்கா நஷ்டம்?”

“தப்பான ரோட்டுல வண்டியை விட்டுட்டா நீங்க என்ன செய்வீங்க?”

“திருப்பிக்கிட்டு வருவேன். பின்னாடி இருக்கிறவங்க எல்லாரும் திட்டுவாங்க. வாங்கிக்கிட்டே வருவேன்.”

“அப்ப நானும் வாங்கிக்கிறேன்.”

“வாங்கிக்க. அதுக்காகப் பாதி பட்டாணியை நீயே தின்னுடாதே.”

திங்கள் காலை இரண்டு தாளையும் கண்காணிப்பாளர் மேஜையில் விரித்து, நடந்ததைச் சொன்னாள்.

“ஏம்மா, ஒட்டுற வேலையை ஒழுங்கா பாத்திருந்தா இந்த வம்பே இல்லையே,” என்றார் அவர்.

“ஆமா சார். தப்பு என்னோடதுதான். அதான் வந்து சொல்றேன்.”

அருகே நின்ற ஆய்வாளர் புதையல் தாளைத் தன் பக்கம் இழுத்தாள். நூலை மெல்ல அறுத்துக் காயை எடுத்துக் கறையின்மேல் வைத்தாள். செருப்பு காலில் பொருந்துவதுபோல் பொருந்தியது.

“அக்கா, என் மரத்தை வெட்டிட்டீங்களே!”

“வெட்டலைம்மா. ஒண்ணா ஒட்டிக்கிட்டிருந்த ரெண்டைப் பிரிச்சு விட்டேன்.”

ஆய்வாளருக்குக் கண் கலங்கியது. பிறகு சிரித்தும் விட்டாள். “இது அச்சாகி, பின்னாடி எவனாவது கண்டுபிடிச்சிருந்தா என் மானம் கப்பலேறியிருக்கும். சீட்டை எடுங்க, நீங்களே எழுதுங்க.”

“சீட்டுல ஆய்வாளர்தான் கையெழுத்துப் போடுறது வழக்கம்,” என்றார் கண்காணிப்பாளர்.

“கண்டுபிடிச்சது யாரு சார்? நான் எட்டு மாசம் பாத்தும் எனக்குத் தெரியலையே.”

அவர் நான்கு துளைகளையும் கறையையும் மறுபடி பார்த்தார். படித்த மனிதர்தான், சான்று முன்னால் வாதம் செல்லாது என்பது அவருக்கும் தெரியும். “எழுதட்டும்,” என்றார். ஒப்பந்தத்திலும் அன்றே கையெழுத்திட்டார். வழக்கம்போல ஒரு வருடத்துக்குத்தான். அந்த அநியாயம் அப்படியேதான் இருக்கிறது.

ஊசியக்கா எழுதினாள்: ‘இந்தக் காய் இந்தக் கிளையுடையது அல்ல. அடுத்த தாளுக்குரியது. தவறாகத் தைத்தது நான்.’ கீழே, இருபத்துநான்கு வருடத்தில் முதன்முறையாக, தன் பெயரை எழுதினாள். பிறகு எப்போதும்போல் பசை தடவி, சீட்டைத் தாளின் ஓரத்தில் ஒட்டினாள்.