சந்தனம் காய்ந்த பொத்தான்

காலையிலிருந்து என் கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை. பொத்தானை அழுத்தினால் உள்ளேயே நின்றுவிடுகிறது. சிரிப்பு வந்தது. எழுந்துபோய் ஒரு ஊக்கைத் தேடினேன்.

சின்ன வயதில் நன்னிலத்து வீட்டில் கம்ப்யூட்டர் வாங்கியதே குவைத்திலிருந்த அப்பாவின் முகத்தைப் பார்க்கத்தான். ஆயுதபூஜையன்று அம்மா பம்புசெட், சைக்கிள், அரிவாள் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். கம்ப்யூட்டருக்குச் சரியாகப் பொத்தான் மேலேயே, தாராளமாக. அன்று எதையும் தொடக்கூடாது என்பதால் நன்றாகக் காய்ந்துவிட்டது.

மறுநாள் வெள்ளிக்கிழமை, அப்பாவுக்கு லீவு. அவர் கேமரா முன்னால் வந்து உட்காரும் நேரத்தில் கம்ப்யூட்டர் அசையவில்லை. பிளக்கைப் பிடுங்கி மாட்டினேன், ஸ்டெபிலைசரைத் தட்டினேன்.

"உங்கப்பா காத்துக்கிட்டு இருப்பாருடி" என்று அம்மா வாசலுக்கும் மேசைக்குமாக நடந்தாள்.

அப்புறம்தான் பொத்தான் ஒட்டிக்கிடப்பதைக் கவனித்தேன். "நீ வச்ச பொட்டுதாம்மா!"

அம்மா தாலிச் செயினில் தொங்கிய ஊக்கைக் கழற்றிக் கொடுத்தாள். சுரண்டியதும் பொத்தான் துள்ளி வெளியே வந்தது. அப்பாவும் வந்தார்.

அடுத்த ஆயுதபூஜைக்கு அவள் பொத்தானைத் தொடவில்லை. பொட்டைத் திரையில் வைத்தாள், அப்பாவின் நெற்றி வரும் இடத்தில்.

ஊக்கால் தூசியை எடுத்ததும் என் திரை விழித்தது. விரல் தானாகத் திரையில் அம்மா பொட்டு வைத்த அந்த இடத்துக்குப் போனது.