கோட்டுக்கு அளவு ஜாக்கெட்

தாம்பரத்து வெயிலில் கோட்டுப் போட்டுக்கொண்டு நிற்கச் சொன்னவர் ஏசி அறையை விட்டு வெளியே வராதவராகத்தான் இருக்க வேண்டும். நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் திங்கட்கிழமைதோறும் டீச்சர்கள் புடவைக்கு மேல் பிளேசர் போட வேண்டும். பிரேயர் முடிவதற்குள் முதுகெல்லாம் நனைந்துவிடும். அது பழகிப்போன கஷ்டம். நான் ஆபரேஷனுக்காக நீண்ட லீவில் இருந்தபோது கோட்டின் நிறத்தை மாற்றிவிட்டார்கள், கறுப்பு போய்க் கருநீலம். அதுதான் புதுக் கஷ்டம்.

நான் திரும்பிப் போன வாரமே பள்ளிக்கூடம் ஏற்பாடு செய்த டெய்லர் ஸ்டாஃப் ரூமுக்கு வந்துவிட்டார். பீரோவுக்குப் பக்கத்தில் ஒவ்வொருவராக நின்று அளவு கொடுத்தார்கள். என் பக்கத்து நாற்காலிக் கணக்கு மிஸ் கொடுத்துவிட்டு வந்து, "நீங்க போகலையா மிஸ்?" என்றார்.

"நான் வீட்டுலயே தைச்சுக்கிறேன் மிஸ்."

"பிளேசரையா?"

"ஜாக்கெட் தைக்கலியா? அது மாதிரிதான்."

அது மாதிரி இல்லை என்று எனக்கே தெரியும். ஆனால் என் இடது மார்பை எடுத்துவிட்டார்கள் என்பது அந்த ஸ்டாஃப் ரூமில் யாருக்கும் தெரியாது. கர்ப்பப்பை ஆபரேஷன் என்று சொல்லி வைத்திருந்தேன். அப்படிச் சொன்னால் ஒரு வசதி, கேட்பவர்கள் தங்கள் அக்கா கதையைத் தொடங்கிவிடுவார்கள், நம் கதை தப்பித்துவிடும். உண்மையைச் சொல்லியிருந்தால் அதற்குக் கண், காது, மூக்கு வைக்க அங்கே அரை பீரியட் போதும். மருந்து ஏற்றி என் முடி கொட்டியபோது என் வீட்டுக்காரர் குன்றத்தூர் முருகன் கோயிலுக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்தார். அவர் வேண்டுதலுக்காகத்தான் போட்டார். இரண்டு பேருக்கும் வேண்டுதல் என்று ஊருக்குச் சொல்லிக்கொள்ள அது எனக்கு உதவிற்று.

புடவையும் தன் பங்குக்கு உதவிற்று. முந்தானை இடது பக்கம்தானே வருகிறது, நன்றாக மடித்துப் பின் குத்தி, ஜாக்கெட்டுக்குள் கொஞ்சம் பஞ்சும் வைத்துவிட்டால் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியாது. கோட்டு அப்படியில்லை. எல்லாவற்றையும் மூடி, உடம்புக்குத் தனியாக ஓர் உருவம் கொடுத்துவிடும். அளவு எடுக்கிறவர் கை எங்கெல்லாம் வரும் என்று நினைத்தபோதே எனக்கு வியர்த்தது.

தாம்பரம் மார்க்கெட்டில் கருநீலத் துணியும் லைனிங்கும் தோள்பட்டைக்கு வைக்கும் பேடும் வாங்கினேன். கடையில் எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு ஜோடி பேடு கூடுதலாகக் கொடுத்தார்கள். முடிச்சூரில் எங்கள் வீட்டுத் தையல் மெஷின் வெள்ளத்தில் நனைந்தது, காலெல்லாம் துரு. மிதிக்கும்போது முனகும். எனக்கும் இடது கை தோளுக்கு மேல் சரியாக எழும்பாது, கொஞ்ச நேரம் துணியை நகர்த்தினாலே கடுக்கும். இரண்டு பேரும் முனகிக்கொண்டே வேலையைத் தொடங்கினோம்.

நம் பக்கத்துப் பெண்களில் முக்கால்வாசிப் பேருக்குத் தங்கள் அளவு என்னவென்று தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. கச்சிதமாக அமைந்துபோன பழைய ஜாக்கெட் ஒன்றை அளவு ஜாக்கெட் என்று தனியாக மடித்து வைத்திருப்போம். எந்த டெய்லரிடம் போனாலும் புதுத் துணியோடு அதைச் சேர்த்துக் கொடுத்தால் போதும், டேப்புக்கு வேலையில்லை. எனக்கு நானே தைக்கும்போதும் அதைத்தான் துணிமேல் விரித்துச் சாக்பீஸால் வரைவேன். கோட்டுக்கும் அப்படியே செய்தேன். பீரோவிலிருந்து அந்த மாம்பழ நிற ஜாக்கெட்டை எடுத்து, கருநீலத் துணிமேல் வைத்து, தளர்வுக்குக் கொஞ்சம் விட்டு, நீளத்தைக் கூட்டி, வெட்டிவிட்டேன். கை தானாகப் போயிற்று. அந்த ஜாக்கெட் ஆபரேஷனுக்கு முந்தையது என்பது எனக்கு உறைக்கவேயில்லை.

லீவு நாட்களாகப் பார்த்துத் தைத்தேன். காலர் மடங்கி நிற்க மாட்டேன் என்றது. பிரித்தேன், தைத்தேன், மறுபடி பிரித்தேன். கோட்டு தைப்பது என்ன பிரம்ம வித்தையா என்று தொடங்கியவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. மார்புக்கு எடுப்பு வருவதற்காகத் துணியைச் சாய்வாக மடித்துத் தைக்கும் டாட் மட்டும் இரண்டு பக்கமும் அழகாக வந்திருந்தது. அதில் எனக்குப் பெருமைகூட.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் புடவைக்கு மேல் போட்டுப் பீரோக் கண்ணாடியில் பார்த்தேன். வலது பக்கம் கச்சிதம். இடது பக்கம் முந்தானையையும் பஞ்சையும் மீறித் துணி உப்பிக்கொண்டு நின்றது. விரலால் தொட்டேன், உள்ளே போயிற்று. அப்போதுதான் புரிந்தது. இத்தனை நாள் உட்கார்ந்து, இப்போது இல்லாத ஒருத்திக்குக் கோட்டுத் தைத்திருக்கிறேன். அழுகை வரவில்லை. அப்படியே கட்டிலில் படுத்துவிடலாம் போலிருந்தது.

என் வீட்டுக்காரர் முடிச்சூர் ரோட்டில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். கடையைப் பூட்டிவிட்டுச் சாப்பிட வந்தவர், கோட்டோடு கட்டிலில் உட்கார்ந்திருந்த என்னையும், மெஷின்மேல் கிடந்த மாம்பழ நிற ஜாக்கெட்டையும் பார்த்தார். மிச்சமிருந்த தோள் பேடு ஒன்றைக் கையில் எடுத்து அமுக்கிப் பார்த்தார்.

"இத உள்ள வச்சுத் தைச்சுட்டா யாருக்கும் தெரியாதே?"

நல்ல யோசனைதான். பத்து நிமிஷ வேலை. ஆனால் எனக்கு அந்தப் பேடைப் பார்க்கவே அலுப்பாக இருந்தது. காலையில் பஞ்சு, அதற்குமேல் பின், பஸ்ஸில் யாராவது இடித்தால் நகர்ந்துவிட்டதோ என்ற பயம். கர்ப்பப்பைக் கதையை யாரிடம் எவ்வளவு சொன்னோம் என்று ஞாபகம் வைத்துக்கொள்வதே தனி உத்தியோகமாக இருந்தது. அன்று நான் எடுத்த முடிவைத் தைரியம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அது வெறும் அலுப்பு.

"இனிமே ஒண்ணையும் உள்ள வைக்க முடியாதுங்க. பிரிச்சு, இருக்கிற மாதிரியே தைக்கப் போறேன்."

"அப்ப அளவு?"

"வேற யாராவது எடுத்தாத்தான் சரியா வரும். நானே எடுத்தா கையத் தூக்கும்போது அளவு மாறிடும்."

ஆபரேஷனுக்குப் பிறகு நான் கதவைத் தாழிட்டுக்கொண்டுதான் உடை மாற்றுவேன். அவர் ஒருநாளும் தட்டியதில்லை. அது மரியாதையா பயமா என்று நானும் கேட்டதில்லை. அன்று அவர் போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். நான் கோட்டைக் கழற்றினேன். முந்தானையை எடுத்தேன். ஜாக்கெட்டைக் கழற்றி, பஞ்சையும் எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

பழக்கதோஷத்தில் சட்டைப் பையிலிருந்து இரும்பு டேப்பை எடுத்து இழுத்தார். "இது பைப்பு இல்லங்க," என்று தையல் டேப்பைக் கொடுத்தேன். தோளிலிருந்து இடுப்பு வரைக்கும் பிடித்து, ஒன்றேகால் அடி என்று ஆரம்பித்தார். இஞ்சில் சொல்லச் சொன்னேன். வலது பக்கம் முடித்து, டேப்பை இடது பக்கம் கொண்டுவந்தார்.

"வலிக்குதா?"

"இல்ல. அங்க மரத்துக் கிடக்கு."

தழும்புமேல் டேப்பை வைத்து, குனிந்து, எண்ணைப் படித்தார். வலது பக்கத்து அளவை எந்தக் குரலில் சொன்னாரோ அதே குரலில்தான் அதையும் சொன்னார். கூடுதலாக ஒரு வார்த்தை இல்லை. நான் அதற்குத்தான் அழுதேன். அவர் டேப்பைச் சுருட்டிக்கொண்டு நான் முடிக்கும் வரை நின்றார். பிறகு சாம்பாரைச் சூடு பண்ணப் போனார்.

இடது டாட்டைப் பிரித்து, அதிகத் துணியை எடுத்து, அந்தப் பக்கத்தை நேராக இறக்கித் தைத்தேன்.

திங்கட்கிழமை பிரேயரில் வெயில் வழக்கம்போல் காய்ந்தது. டெய்லர் தைத்த கோட்டுகள் பலருக்குத் தோளில் தொங்கின. கணக்கு மிஸ் தன் கோட்டுக் கையை இழுத்து இழுத்துவிட்டபடி என்னைப் பார்த்தார்.

"உங்களுக்கு மட்டும் அப்படியே அமைஞ்சிருக்கு மிஸ். எந்த ஜாக்கெட்ட அளவுக்கு வச்சீங்க?"

"அளவு ஜாக்கெட் சேரல மிஸ். உடம்புலயே எடுத்தோம்."

அவர் பார்வை இடது பக்கம் வந்தது, நின்றது. மைக்கில் யாரோ செய்தி வாசித்துக்கொண்டிருந்தார்கள். நான் கோட்டை இழுத்துவிடக் கையைக் கொண்டுபோகவில்லை.

"கர்ப்பப்பை இல்ல மிஸ்," என்றேன்.

அவர் கையை நீட்டி என் காலரைச் சரிசெய்தார். காலர் சரியாகத்தான் இருந்தது.