கடற்கரையிலிருந்து சாக்கு வாங்க வந்தவர்

நான்காம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனால் மட்டாஞ்சேரியில் பழைய சாக்கு என்றால் என் கடைதான். அரிசி வந்த சாக்கைத் தைத்து மிளகுக்கு விற்பேன். அது நைந்தால் கரிக்கு. எதையும் குப்பையாக எறியாமல் திரும்பத் திரும்பப் பயன்படுத்துங்கள் என்று மாநகராட்சிக் கூட்டத்தில் பாடம் எடுத்தார்கள். "அதை நான் என்றைக்கோ செய்தாயிற்று" என்று எழுந்தே சொன்னேன்.

மழைக்காலத்துக்கு முன்னால் கடற்கரையிலிருந்து ஒருவர் வருவார். வெயிலில் செம்பட்டையான புருவம். ஒவ்வொரு சாக்குக்குள்ளும் தோள்வரை கையை விட்டு ஓட்டை தேடுவார். மண் நிரப்பி வீட்டு முன்னால் அடுக்கிக் கடலைத் தடுக்க.

"மழை முடிஞ்சதும் சாக்கைத் திருப்பிக் கொண்டு வாங்க சேட்டா, நானே எடுத்துக்கறேன்" என்றேன் ஒருமுறை.

சிரித்தார். "கடலு கொண்டுபோனத நான் போய்த் திருப்பிக் கேக்கட்டா அண்ணாச்சி?"

இந்த வருஷம் அவர் ஓட்டை தேடவில்லை. சுத்தமான சாக்காக நாலு கேட்டார்.

"நாலு வச்சு எந்தக் கடலைத் தடுக்கப் போறீங்க?"

"தடுக்க இல்ல அண்ணாச்சி. துணியும் பாத்திரமும் கட்டணும். அடுக்களை வரைக்கும் இடிஞ்சாச்சு."

எந்தச் சாக்கு அடுத்து எங்கே போகும் என்று கேட்டவுடனே சொல்பவன் நான். அவரிடம் எங்கே போகிறீர்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அந்த மூட்டைகளை எங்கே அவிழ்த்தாரோ.