பாதி மடித்தால் நிற்கும்

கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு மொபைல் கடையில் விற்பனையாளனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அங்கே செய்த தவறுகளில் ஒன்றை மட்டும் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

எங்களிடம் ஒரு ஃபோல்டிங் போன் டிஸ்ப்ளே பீஸாக இருந்தது. வருகிறவர்கள் எல்லோரும் திறந்து மூடிப் பார்த்ததில் ஹிஞ்ச், அதாவது மடிப்பின் கீல், தளர்ந்துவிட்டது. பாதி மடித்து மேசையில் வைத்தால், தூங்கி வழிபவரின் தலைபோல மெல்லச் சாய்ந்துவிடும். முதலாளி, "ஹிஞ்ச் லூஸ்னு எழுதி ஒட்டி டிஸ்கவுண்ட்ல கொடுங்கோ" என்றார். ஒட்டினேன். ஆனால் சீட்டைப் படித்ததும் எல்லோரும் நகர்ந்துவிட்டார்கள்.

மழை விட்டும் தூவானம் விடாத ஒரு பிற்பகல். தெருவே தண்ணீருக்கடியில் கிடப்பதுபோல் ஒரு வெளிச்சம். ஏலக்காய் குடோனில் வேலை செய்யும் முருகேசனும் மனைவி செல்வியும் கண்ணாடிக்கு வெளியே நின்று அந்த போனையே பார்த்தார்கள். அவர்கள் குடையை மடக்கி உள்ளே வருவதற்குள் சீட்டை உரித்துவிட்டேன்.

செல்விக்குக் காது கேட்காது, பேச்சும் வராது. புனேயில் இருக்கும் மகளுக்கும் அப்படியே. இருவரும் வீடியோவில் சைகையால் பேசுவார்கள்.

"போனை ஒரு கையில பிடிச்சா இவளுக்குப் பாதிப் பேச்சுதான் சாரே. இது தானா நிக்குமில்லே?" என்று கேட்டார் முருகேசன்.

"ஒரு ஸ்டாண்டு வாங்கினா போதாதா?"

"மூணு வாங்கியாச்சு. இவ அடுக்களையிலேருந்து வராந்தாவுக்குப் போனா, ஸ்டாண்டு கூடவே நடந்து வருமா?"

"நிக்கும்" என்றேன். பின்னால் கட்டைவிரலை முட்டுக் கொடுத்து நிறுத்தியும் காட்டினேன்.

வாங்கிப் போனவர்கள் மூன்றாம் நாள் போனோடு திரும்பி வந்தார்கள்.

"மகளுக்கு நாளைக்கு ஆபரேஷன் சாரே. நேத்து இவ பேச உட்கார்ந்தா போன் சாஞ்சுகிட்டே இருக்கு. பொண்ணு எங்க வீட்டு ஃபேனைத்தான் பார்த்தாளாம்."

அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மகளின் அழைப்பு வந்தது. செல்வி சட்டென்று போனை என் கையில் கொடுத்து, முகத்துக்கு நேராகப் பிடிக்கச் சொல்லிக் காட்டினார்.

பிடித்தேன். தாயின் கைகளும் திரையில் மகளின் கைகளும் ஒரே குளத்து மீன்களைப்போல அசைந்தன. எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. செல்வி அழுதார், சிரித்தார். எவ்வளவு நேரம் நின்றேனோ, மணிக்கட்டு வலித்தது. கையை அசைக்கவில்லை.

முருகேசன் மெதுவாகச் சொன்னார்: "'யாரும்மா போனைப் பிடிச்சிருக்கிறது?'ன்னு கேக்குறா. 'கடைக்காரர், நல்ல மனுசன்'னு இவ சொல்றா."

அன்றே வேறு போன் மாற்றிக் கொடுத்தேன். ஹிஞ்ச் தளர்ந்தது எனக்கு முன்பே தெரியும் என்பதை மட்டும் சொல்லவில்லை.

விற்பனைக்கு வரும் இளைஞர்களுக்கு ஒன்று சொல்வேன். குறையைச் சொன்னால் வாடிக்கையாளர் போய்விடலாம். சொல்லாவிட்டால், நம்மை நல்லவர் என்று நம்பிவிடுவார். எனக்கு இரண்டாவதுதான் இன்னும் தாங்க முடியாததாக இருக்கிறது.